பழைய மோட்டார் வண்டியும் புதிய தண்டனையும்

மறைமலைநகரில் செய்யப்பட்டு இருபது, இருபத்தைந்து வருஷங்களாக நமது மதுரை ஜில்லாவின் சாலைகளில் ஓடிவரும் ஒரு மோட்டார் வண்டியைக் குறித்து இன்று எழுத முற்படுகிறோம். நாட்டில் பேச வேண்டிய ராஜீய விஷயங்கள் எத்தனையோ காத்துக் கிடக்க, ஒரு பழைய காருக்குப் பத்திகளை ஒதுக்குவதா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். விஷயம் காரோடு நிற்பதாயின் நாமும் அதை எடுத்திருக்க மாட்டோம். ஒரு பிரஜை தன் பணத்தில் வாங்கிய உடைமையைத் தன் கைத்திறத்தால் செப்பனிட்டு மேலும் சிறக்கச் செய்தால், அவனை ஆறு மாதம் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த அதிகாரம் எதை ஆதாரமாகக் கொண்டது, அது நியாயமானதா, அதைத் திருத்த வழி என்ன என்பவை ராஜீய விஷயங்களே என்பது நமது அபிப்பிராயம்.

ஃபோர்டு கம்பெனியார் 1999-ம் வருஷத்தில் செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகரில் தங்கள் தொழிற்சாலையைத் தொடங்கி, ‘ஐகான்’ என்ற காரை வெளியிட்டார்கள். அதில் 1597 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ‘ரோகாம்’ என்ஜின் பூட்டிய வகை, தொண்ணூறு குதிரைச் சக்திக்குச் சற்று மேலாகவே கொடுத்தது. வண்டியின் எடையோ ஏறக்குறைய ஒரு டன்தான். அக்காலத்தில் நமது தேசத்தில் நடுத்தரக் குடும்பஸ்தன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில், இவ்வளவு வேகமும் வளைவுகளில் இவ்வளவு உறுதியும் ஒருங்கே அமைந்த வண்டிகள் வெகு சிலவே. ‘ஜோஷ் மெஷின்’ என்று கம்பெனியார் விளம்பரம் செய்தார்கள். மெய் சொல்லும் விளம்பரம் அபூர்வம். இது அந்த அபூர்வங்களில் ஒன்று. திருவள்ளூரில் 1998 முதல் செய்யப்பட்ட மிட்சுபிஷி லான்ஸரும் அதே தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டுமே தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளால் பூட்டப்பட்டவை.

ஐகான் உற்பத்தி 2011-ல் நின்றது. பத்து வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் செய்வதையே நிறுத்தப் போவதாகக் கம்பெனியார் அறிவித்தார்கள். மறுவருஷம் மறைமலைநகரில் கார் உற்பத்தி ஓய்ந்தது. உதிரி பாகங்களும் பழுதுபார்ப்பும் தொடர்ந்து கிடைக்குமென்று அவர்கள் வாக்களித்தது உண்மை. ஆயினும் வெகு காலத்துக்கு முன்பே கைவிடப்பட்ட ஒரு வண்டிக்கு வேண்டிய சிறு சாமான்கள், ஒவ்வொன்றாகக் கடை அலமாரியிலிருந்து மறைவது இயற்கை.

இவ்வாறு அநாதையாக்கப்பட்ட வண்டிகளை வளர்த்து வருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. இது தனவந்தர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு தரம் விசாரித்துப் பார்க்க வேண்டும். பழைய ஐகான் ஒன்று பல சமயங்களில் ஒரு புதிய மோட்டார் சைக்கிளின் விலைக்கே கிடைக்கிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் பாலிடெக்னிக்கில் படித்த இளைஞர்கள், சிறு வியாபாரிகள், பட்டறைத் தொழிலாளர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை வரையில் கிரீஸ் கையோடு நிற்பதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம். சீட்டாட்டத்தை விட இது எவ்வளவோ மேல்.

அவர்கள் படும் பாடு சிறிதன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் நமது சமவெளியின் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. திருமங்கலத்துக் கரிசல் காட்டுப் புழுதி ரேடியேட்டரின் செதில்களில் அப்பிக் கொள்கிறது. ரோகாம் என்ஜினில் குளிர்நீரின் போக்கை ஆளும் தெர்மோஸ்டாட்டுக்குக் கம்பெனியார் பிளாஸ்டிக் கூடு அமைத்தார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல, சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் வெடித்துத் தண்ணீர் கசிகிறது. கவனியாமல் ஓட்டினால் தண்ணீர் வற்றி, ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டே வளைந்து விடுகிறது; ஐம்பது ரூபாய்ச் சோம்பேறித்தனம் ஐம்பதினாயிரம் ரூபாய்ச் செலவில் கொண்டுபோய் விடுகிறது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் காய்ந்து நடுக்கம் கொடுக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமச் சாலைகளின் வேகத்தடைகள் கீழ்க்கையின் புஷ்களை அரைத்துத் தள்ளுகின்றன. ஒன்று சொல்ல வேண்டும்: இந்த என்ஜினில் கேம்ஷாப்டைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட் அல்ல, இரும்புச் சங்கிலி. எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றி வந்தால் அது நீண்ட நாள் உழைக்கிறது. இத்தகைய நல்ல அஸ்திவாரம் இருப்பதனால்தான் இந்த வண்டியை ஆர்வலர்கள் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தெர்மோஸ்டாட் கூட்டை எடுத்துக் கொள்வோம். புதிய பிளாஸ்டிக் கூடு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் மறுபடியும் வெடிக்கும் என்று தெரிகிறது. வண்டிக்காரர் புதூரிலோ கப்பலூரிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய், அதே அளவில் அலுமினியத்தில் கடைந்து வாங்கிப் பூட்டுகிறார். தண்ணீர் கசிவு நின்றது, என்ஜின் பிழைத்தது. இது பழுதுபார்த்தலா, அல்லது மாறுதல் செய்தலா? கம்பெனி குறித்தது பிளாஸ்டிக்; பூட்டியிருப்பது அலுமினியம். செப்பனிடுவது எங்கே முடிகிறது, மாற்றியமைப்பது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முயன்றால், கோடு கையில் நிற்க மாட்டேன் என்கிறது. காய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் அதைவிட உறுதியான ஒன்று. தேய்ந்த கிளட்ச்சுக்குப் பதில் இன்னும் வலுவான ஒன்று. துருப்பிடித்த சைலன்சர் குழாய்க்குப் பதில் புகை தடையின்றிச் செல்லும் எஃகுக் குழாய். பழைய டயருக்குப் பதில் சற்று அகன்ற டயர். பழைய வண்டியைப் பராமரிப்பவன் ஒவ்வொரு படியிலும் சிறிது மேம்படுத்தியே தீருகிறான்.

அதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு. ஹெட்டின் காற்று வழிகளைச் சீவி விரிவாக்குகிறார்கள்; கேம்ஷாப்டை மாற்றுகிறார்கள்; எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் சிறு கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தி எழுதுகிறார்கள். இவற்றில் விவேகமுள்ளவர்கள் ஒரு கிரமத்தைப் பின்பற்றுகிறார்கள். முதலில் பிரேக், பிறகு டயரும் ஸ்பிரிங்கும், கடைசியிலேதான் சக்தி. நிறுத்தத் தெரியாத வண்டிக்கு வேகம் கூட்டுபவன் தன்னோடு சாலையில் போகிற மற்றவர்களையும் அபாயத்துக்கு உள்ளாக்குகிறான். இந்தக் கிரமத்தைத் தலைகீழாக்குகிற மூடர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர்களைக் குறித்துப் பிறகு சொல்கிறோம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி எந்த உடைமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்கிறது. ‘மாற்றம்’ என்பதற்கு அப்பிரிவின் விளக்கமே ஒரு பொருள் தருகிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தை வேறாக்கும்படி அதன் அமைப்பில் செய்யப்படும் மாறுதல். 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். அதே வருஷத்துத் திருத்தச் சட்டம் 182ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. சட்டம் அனுமதியாத மாற்றம் செய்கிற உடைமையாளருக்கு ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்பது அதன் 4-வது உட்பிரிவு.

சட்டம் படித்தவன் என்ற முறையில் அப்பிரிவின் சொற்களை நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பதிவுச் சான்றிதழில் என்ன இருக்கிறது? என்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், கொள்ளளவு, ஆசனங்கள், எடை, கூட்டின் வகை, எரிபொருள் முதலானவை. அதில் ஸ்பிரிங்கின் உறுதி இல்லை. சைலன்சர் குழாயின் விட்டம் இல்லை. தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்பதும் இல்லை. இவை வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றுபவையும் அல்ல. ஆதலின் ஆர்வலர்கள் செய்கிறவற்றில் பெரும்பகுதி இந்தத் தடைக்கு உட்படவே இல்லை என்று வாதிக்க நல்ல இடமிருக்கிறது. ஆனால் சாலையோரத்தில் வண்டியை மறித்து நிற்கும் போலீஸ்காரர் விளக்கம் படித்துவிட்டு வருவதில்லை. தீர்ப்பின் சுருக்கம் பத்திரிகைத் தலைப்புகளின் வழியாக, ‘எதையும் மாற்றக் கூடாது’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. வண்டிக்காரன் கோர்ட்டுக்குப் போய் வியாஜ்யம் ஆடி ஜயிப்பதற்குள், வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்து துருப்பிடித்து விடும்.

நமக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவர் தமது பழைய ஐகானுக்கு முன் பிரேக்குகளை, அதைவிடக் கனமான ஒரு வண்டியின் பெரிய பிரேக்குகளாக மாற்றியிருந்தார். பதினைந்து வருஷம் கடந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டு போனபோது, ஆய்வாளர் அந்த பிரேக் வண்டியை எத்தனை அடியில் நிறுத்துகிறது என்று பார்க்கவில்லை. ஜனங்கள் அந்த உத்தியோகஸ்தருக்குப் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ‘இது கம்பெனி பிரேக் அல்ல’ என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினார். இளைஞர் வீட்டுக்குப் போய்ச் சிறிய பிரேக்கை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து, சான்று பெற்று, அன்று மாலையே பெரிய பிரேக்கைத் திரும்பப் பூட்டிக்கொண்டார். பரிசோதனை தினத்தன்று மட்டும் வண்டியைக் கெடுத்துக் கொண்டுவரச் செய்கிற பரிசோதனையால் யாருக்கு என்ன க்ஷேமம் என்று நமக்கு விளங்கவில்லை.

‘உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரம்’ என்பதே இந்தச் சட்டத்தின் அளவுகோல். அந்த உற்பத்தியாளர் எங்கே? கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். திருத்தம் வேண்டுமென்று அவரிடம் கேட்க முடியாது. மேலான பாகம் ஒன்றுக்கு ஒப்புதல் தரும்படி எழுதினால் பதில் வரும் என்று நம்பவும் இடமில்லை. அவர் விட்டுச் சென்ற காகிதம் மட்டும் வேதவாக்காக இருந்து, அவர் வண்டியை இருபது வருஷமாகக் காப்பாற்றி வருகிறவனை ஆளுகிறது. அந்நியக் கம்பெனி ஒன்று லாபநஷ்டக் கணக்குப் பார்த்து மூட்டை கட்டிய பிறகும், அதன் வாக்குக்கு நமது சட்டம் இவ்வளவு விசுவாசம் காட்டுவது விந்தையே.

அந்தக் காகிதத்துக்குச் சர்க்காரே எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2025-ல் நமது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலையை எட்டி விட்டோமென்று மத்திய சர்க்கார் பெருமையுடன் அறிவித்தார்கள். கரும்பு விவசாயிக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் கிடைக்கும் அனுகூலத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் 2000-ம் வருஷத்துக் கார் ஒன்றும் இருபது சதவிகித எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. எரிபொருள் குழாயின் பழைய ரப்பர்களை எத்தனால் பதம் பார்க்கிறது. கலவைக்குத் தக்கபடி காற்றின் அளவும் வேறுபடுகிறது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, இதற்கென அமைக்கப்படாத பழைய வகைக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் வரை குறையலாமென்று கணக்கிட்டது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய இலாகாவும், பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரலாமென்று ஒப்புக்கொண்டது. ஆக, உற்பத்தியாளர் குறிக்காத எரிபொருளைச் சர்க்கார் ஊற்றுவார்கள். அதற்கு ஏற்றபடி குழாயை மாற்றி, கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்திக்கொள்கிறவன் மட்டும் உற்பத்தியாளரின் குறிப்பை மீறியவன் ஆவான்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. 52-வது பிரிவின் விலக்கின்படி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த என்ஜினையே கழற்றி எறிந்துவிட்டு மின்சார மோட்டாரும் பேட்டரியும் பூட்டலாம். இருக்கிற என்ஜினை நன்றாக ஓடச் செய்வதற்குத்தான் வழி சொல்லப்படவில்லை.

மாற்றியமைத்தல் நமது பிரதேசத்துக்குப் புதிதுமல்ல. மதுரை மேலவெளி வீதிக்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-12-ல் இங்கே பஸ் தொழிலைத் தொடங்கிய காலத்தில், கடல் கடந்து வந்த சேஸிஸ்களின்மேல் நமது தச்சர்களும் கொல்லர்களும் கூடு கட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நிற்க நேர்ந்தபோது, அவர் கரிவாயு யந்திரத்தைத் தயாரித்து வெளியிட்டார். அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் புகைய விட்டு, அதில் எழும் வாயுவை வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக என்ஜினுக்குள் செலுத்தும் ஏற்பாடு அது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த உற்பத்தியாளர்கள் அதைத் தங்கள் குறிப்பில் எழுதியிருக்கவில்லை. அன்று 182ஏ பிரிவு அமுலில் இருந்திருந்தால் தென்னிந்தியாவின் பஸ் முதலாளிகளில் பாதிப்பேர் சிறையில் இருந்திருப்பார்கள். ஜனங்கள் நடந்து போயிருப்பார்கள். கரூரில் இன்றைக்கும் பஸ்களுக்குக் கூடு கட்டும் தொழில் தழைத்திருப்பது அந்தப் பரம்பரையின் தொடர்ச்சியே. அதற்குத் தனி விதிகளும் பரிசோதனையும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். யாரும் அதைக் குற்றமென்று சொல்வதில்லை.

பந்தய வண்டிகளின் கதையும் அப்படியே. யுத்த காலத்து விமானத் தளமாயிருந்த சோழவரத்தில், 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் நடத்திய பந்தயங்களுக்கு நமது ஆட்கள் கொண்டுவந்தவை என்ன? வீட்டுக்கு வாங்கிய ஃபியட்டும் ஹெரால்டும்தான். பட்டறையில் வைத்துச் சீவிச் செதுக்கப்பட்டவை. கோயமுத்தூர் கரிவர்தன், சாமானிய மாருதி 800-ன் என்ஜினை எடுத்து ‘பார்முலா மாருதி’ என்ற ஒற்றை ஆசனப் பந்தய வண்டியை உண்டாக்கினார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தது நமக்குப் பெரு நஷ்டம். 2005-ல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரராகக் களம் இறங்கிய நரேன் கார்த்திகேயன், தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தப் பார்முலா மாருதியில்தான். பந்தயத் திடலுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குத் தடையில்லை என்று யாராவது பதில் சொல்லலாம். மதுரையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைத் திடலுக்கு ஏறக்குறைய முந்நூறு மைல். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகச் செல்வந்தரால் முடியும். நாம் மேலே சொன்ன பட்டறை இளைஞரால் முடியுமா?

பழைய வண்டிகளைப் போற்றச் சர்க்கார் வழி செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். 2021 ஜூலையில் புராதன வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வண்டிக்கு ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும்; சேஸிஸ், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இருக்கக் கூடாது; புதிய பதிவுக்கு இருபதினாயிரம் ரூபாய்; பதிந்த பிறகும் கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு அல்லாமல் சாதாரணமாகச் சாலையில் ஓட்டலாகாது. சமஸ்தானத்து ரோல்ஸ்ராய்ஸுக்கு இது பொருந்தும். இருபத்தைந்து வயது ஐகானுக்கு இதில் இடமில்லை. மற்றொரு புறத்தில், பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. இருபது வருஷம் கடந்தவற்றுக்கு 2025-ல் 10,000 ஆயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய பழைய வண்டி உடைப்புத் திட்டத்தின் நோக்கமும் இதுவே: பழையதைத் தள்ளு, புதியதை வாங்கு. அருங்காட்சியகத்துக்கு இளையதாகவும், சாலைக்கு முதியதாகவும் கருதப்படும் இந்த நடுத்தலைமுறை வண்டிகளை விட்டால் உடைப்புக் கிடங்குதான் கதி.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். சைலன்சரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் உறுமுகிறார்கள். எதிரே வருபவன் கண் அவியும்படி விளக்குப் போடுகிறார்கள். சுற்றுச் சாலையில் நள்ளிரவில் பந்தயம் விடுகிறார்கள். மலிவான சக்கரத்தை வாங்கிப் பூட்டி, குழியில் விழுந்ததும் உடைகிறது. அத்தனையும் உண்மை. அப்படிச் செய்கிறவர்களுக்காக ஒரு வரிகூட வாதாட நாம் தயாரில்லை. ஆனால் அவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் ஆயுதம் இல்லாமலா இருக்கிறது? அபாயகரமாக ஓட்டுதல் 184-வது பிரிவு. சாலையில் பந்தயம் விடுதல் 189-வது பிரிவு. ஓசையிலும் புகையிலும் வரம்பு மீறுதல் 190-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. மூன்றிலும் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. இவற்றைப் பிரயோகிக்கச் சோம்பி, ஸ்பிரிங்கை மாற்றியவனையும் சைலன்சரைப் பிடுங்கியவனையும் ஒரே வலையில் வாரிக் கட்டுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

காரியத்தின் பலனை அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நமது விதிகளுக்கே தெரியும். புகைப் பரிசோதனையில் என்ன செய்கிறார்கள்? குழாயில் கருவியைச் செருகிக் கார்பன் மோனாக்ஸைடு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பாரத் இரண்டாம் கட்டத்துக்கு முந்திய பெட்ரோல் கார்களுக்கு 3 சதவிகிதம், அந்தக் கட்டத்தைச் சேர்ந்தவற்றுக்கு 0.5 சதவிகிதம் என்று வண்டியின் வயதுக்குத் தக்க வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியைப் புதிய வண்டியாக இருக்கும்படி கேட்கவில்லை. அதன் காலத்து வரம்புக்குள் நில் என்கிறார்கள். கேம்ஷாப்ட் எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்பதில்லை. இதே நியாயத்தைப் பிரேக்குக்கும், ஓசைக்கும், விளக்குக்கும், சக்கரத்தின் வலுவுக்கும் விஸ்தரித்தால் போதும்.

மற்ற தேசங்கள் இதைச் செய்திருக்கின்றன. ஜெர்மனியில் உற்பத்தியாளர் குறிக்காத பாகத்தைப் பூட்டுகிறவர், அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சங்கத்தின் எஞ்சினீயரிடம் வண்டியைக் காட்டி ஒப்புதல் பெற்று, அதைப் பதிவுக் காகிதத்தில் ஏற்றிக்கொள்கிறார். முப்பது வயது நிறைந்த வண்டிக்கு ‘ஹெச்’ என்ற எழுத்துடன் தனி எண் பலகை அளிக்கிறார்கள்; அக்காலத்துக்கு உரிய மாறுதல்கள் அதில் இருந்தாலும் தடையில்லை; தாராளமாகச் சாலையில் ஓட்டலாம். கண்டிப்புக்குப் பெயர்போன சிங்கப்பூரிலோ, போக்குவரத்து ஆணையம் மாறுதல்களை மூன்று வகையாகப் பிரித்து ஜனங்களுக்குத் தெரிவித்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, அனுமதி பெற்றுச் செய்யத்தக்கவை, செய்யவே கூடாதவை. எது குற்றம் என்பது அங்குள்ள நம்மவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். இங்கோ, மறிக்கிற அதிகாரியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. ஓரகடத்தில் மத்திய சர்க்கார் அமைத்த மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மதுரையிலேயே 1957 முதல் நடந்துவரும் தியாகராசர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. ஒரு வண்டியின் பிரேக்கையும் ஓசையையும் வெல்டிங்கின் உறுதியையும் சோதித்துக் கையெழுத்திட அங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியாதா? அத்தகைய எஞ்சினீயர் ஒருவரின் சான்று இருந்தால், மாறுதலைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளும் முறை வேண்டும். சோதனைக் கட்டணத்தை வண்டிக்காரரே கொடுக்கட்டும். சான்றளித்தவர் பொய் சொன்னால் அவரும் பொறுப்பாளியாகட்டும். 52-வது பிரிவிலேயே, குறிப்பிட்ட காரியங்களுக்கு விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆகையால் இதற்குப் புதுச் சட்டம்கூட அவசியமில்லை; ஓர் அறிவிப்புப் போதும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் பட்டறை ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கம்பெனிப் பாகத்தை எறியாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாறுதலை எழுதித் தெரிவியுங்கள். விபத்து நேர்ந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் ஒரு காசும் பெயராது. நிறம் மாற்றினாலோ என்ஜினை மாற்றினாலோ பதிவு அதிகாரியிடம் தெரிவிக்காமல் ஓட்டாதீர்கள். அங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஊருக்கு ஊர் சங்கமாகச் சேர்ந்து, உங்களுள் கூச்சலிடுகிறவனை நீங்களே விலக்கி வையுங்கள். தனித்தனியாக மனுப் போட்டால் குப்பைக்கூடைக்குப் போகும். ஜில்லா முழுவதும் கையெழுத்து வாங்கிப் போட்டால் படிப்பார்கள்.

மத்திய சர்க்காரின் அறிவிப்பு வரும் வரையில் மாகாணப் போக்குவரத்துக் கமிஷனர் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. பதிவுச் சான்றிதழில் காணாத, வண்டியின் அடிப்படை அம்சத்தைத் தொடாத மாறுதல்கள் 52-வது பிரிவில் அடங்கா என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக், வரம்புக்கு உட்பட்ட சைலன்சர், பழுதுக்காகக் கடைந்து பூட்டிய பாகங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லி அதில் குறிக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு, மதுரையின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் வாசலிலும், சாலையில் வண்டிகளைச் சோதிக்கும் போலீசாரின் கையிலும் சேர்ப்பிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு காகிதமும் மையும்தான்.